மோனை பறித்த பதவி

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆயிரத்துச் சொச்சம் பேர் என்றால் எவ்வளவு பெரிய கூட்டம்? நாடகம் நடத்துவோரைக் கேளுங்கள், சொல்வார்கள். டிக்கெட் முழுதும் விற்றுத் தீர்ந்த இரவில், ஒரு நடுத்தரக் கொட்டகையில் அமர்ந்திருக்கும் கூட்டம், அவ்வளவே! திரை விழுந்ததும் எழுந்து, தெருமுனை திரும்புவதற்குள் கலைந்து மறைந்துவிடும் கூட்டம். அவ்வளவு சிறிய கூட்டம், அமெரிக்கப் பெருநாட்டின் ஆட்சியை ஒரு கட்சியின் கையிலிருந்து பிடுங்கி, மறு கட்சியின் கையில் கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் அது நடந்தது. 11,60,000 பேருக்கு மேல் ஓட்டளித்த அந்த மாநிலத்தில், வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே நின்ற வேறுபாடு, ஒரு கணக்கின்படி 1,047. மற்றொரு கணக்கின்படி 1,149. எந்தக் கணக்கைக் கொண்டாலும் சரி, அறுநூறு பேர், அறுநூறே பேர், மனம் மாறி மறுபக்கம் ஓட்டளித்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும்.

ஒரு மாநிலம் போனால் நாடே போகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு. மாநிலத்தில் முந்தியவர், ஓர் ஓட்டு வேறுபாட்டில் முந்தினாலும், அந்த மாநிலத்துத் தேர்வாளர் அனைவரையும் பெறுவார் என்பதே பெரும்பாலும் நடைமுறை. 1884-இல் தேர்வாளர் மொத்தம் 401 பேர். வெற்றிக்குத் தேவை 201. நியூயார்க்கிற்கு மட்டும் 36. எந்த மாநிலத்தையும்விட மிகுதி. முடிவு வந்தபோது ஒருவருக்கு 219, மற்றவருக்கு 182. அந்த 36-ஐ இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். வென்றவர் 183 ஆகிறார். தோற்றவர் 218 ஆகிறார்! தராசின் முள்ளே நியூயார்க்தான் என்பது விளங்குகிறதல்லவா?

யார் அந்த இருவர்?

ஒருவர் ஜேம்ஸ் பிளெயின். மெயின் மாநிலத்தவர். குடியரசுக் கட்சியின் முடிசூடா மன்னர். மக்கள் சபைத் தலைவராக இருந்தவர், செனட்டர், வெளிநாட்டுத் துறை அமைச்சர். பேச எழுந்தால் பேரவை கட்டுண்டு கிடக்கும். ‘இறகு சூடிய வீரர்’ என்று 1876-இல் அவரைப் புகழ்ந்து பேசியவர், பகுத்தறிவு ஏடுகளைப் படித்த தமிழர் நன்கறிந்த இங்கர்சால்! ஆனால் அந்த வீரரின் கவசத்தில் ஒரு கறை இருந்தது. இரயில் கம்பெனிக்குத் துணை நின்று ஆதாயம் அடைந்தார் என்ற குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாகச் சில கடிதங்கள். ஒன்றில், ‘இக்கடிதத்தை எரித்துவிடுக’ என்று அவரே எழுதியிருந்தார். கடிதம் எரியவில்லை, தோழர்களே! அச்சேறியது!

மற்றவர் குரோவர் கிளீவ்லண்டு. ஜனநாயகக் கட்சி. பேச்சாற்றல் இல்லை; கவர்ச்சி இல்லை; பருத்த உடல், வெடுக்கென்ற விடை. 1882-இல் பஃபலோ நகரின் மேயர். அடுத்த ஆண்டே நியூயார்க் மாநில ஆளுநர். அதற்கடுத்த ஆண்டு நாட்டின் தலைமைக்கே வேட்பாளர்! தம் கட்சியின் ஊழல் முதலைகளையே எதிர்த்தவர் என்ற பெயர்தான் அவரை ஏற்றிவிட்ட ஏணி. அவர் தேடிக்கொண்ட பகைவர்களுக்காகவே அவரை நேசிக்கிறோம் என்று சிகாகோ மாநாட்டில் அவர் ஆதரவாளர் ஒருவர் முழங்கினார்.

அவர் மீதும் புழுதி விழுந்தது. மணமாகாத அவருக்கு, மரியா ஹால்பின் என்ற மாதிடம் ஒரு குழந்தை உண்டு என்று பஃபலோ ஏடொன்று வெளியிட்டது. என்ன சொல்வது என்று நண்பர்கள் பதறிக் கேட்டபோது, எது செய்தாலும் உண்மையைச் சொல்லுங்கள் என்று தந்தி கொடுத்தார். இந்த விடையைப் பாராட்டாத வரலாற்று நூல் இல்லை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அந்த அம்மையார் அளித்த வாக்குமூலம் வேறு கதை சொன்னது. கிளீவ்லண்டு தம்மை வலிந்து கெடுத்தார் என்றது. அதைக் கேட்பதற்குக் காது இல்லை. நியூயார்க்கில் பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1917-இல்தான். ஓட்டில்லாதவர் கண்ணீருக்கு மேடையில் என்ன மதிப்பு!

ஆக, ஒருவர் பொது வாழ்வில் கறை. மற்றவர் தனி வாழ்வில் கறை. ஊர்வலத்தில் ஒரு கூட்டம் பிளெயினைப் பொய்யர் என்றது. மறு கூட்டம் கிளீவ்லண்டைப் பார்த்து, தகப்பன் எங்கே என்று குழந்தைக் குரலில் கேலி பேசியது. ஆனாலும் அக்டோபர் இறுதிவாக்கில் பிளெயினின் பக்கம் நம்பிக்கை மிகுந்திருந்தது. முன்னைய தேர்தலில், 1880-இல், அவர் கட்சி நியூயார்க்கில் 20,000 ஓட்டுகளுக்கு மேல் முந்தி வென்றிருந்தது. அதைவிடவும் பெரியதொரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. அதுதான் ஐரிஷ் மக்கள்.

பஞ்சம் துரத்த, பட்டினி விரட்ட, கப்பலேறிவந்து நியூயார்க்கில் கரையிறங்கிய மக்கள். கல் உடைத்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர், அந்தக் காரணத்துக்காகவே இழிவும் சுமந்தார்கள். வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டளிப்பவர்கள். ஆனால் பிளெயின் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தைச் சாடியவர். அவரைப் பெற்ற தாயும் கத்தோலிக்கர். ‘இவர் நம்மவர் போலிருக்கிறாரே!’ என்று ஐரிஷ் நெஞ்சம் மெல்ல மெல்ல நெகிழ்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் விடிந்தது அக்டோபர் 29, புதன்கிழமை. தேர்தலுக்கு ஆறே நாள்.

காலையில், நியூயார்க் நகரத்தின் ஐந்தாம் அவென்யூ ஓட்டலில் சில நூறு பாதிரிமார் கூடினர். பிராட்டஸ்டன்ட் பாதிரிமார். பிளெயினுக்கு வரவேற்பு! வரவேற்றுப் பேசியவர் சாமுவேல் பர்ச்சார்டு என்ற முதியவர். எழுபது வயதைக் கடந்தவர். ‘நாங்கள் எங்கள் கட்சியை விட்டுப் போக மாட்டோம்’ என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை! எதிர்க்கட்சியின் முன்வரலாறு எப்படிப்பட்டது என்பதை மூன்று சொற்களில் சொல்லிவிட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. சொன்னார்:

‘ரம், ரோமனிசம், ரெபெல்லியன்!’

ரம் என்றால் சாராயம். ரோமனிசம் என்றால் ரோமாபுரிப் போப்பின் மதம், அதாவது கத்தோலிக்கம். ரெபெல்லியன் என்றால் கலகம். 1861 முதல் 1865 வரை தென் மாநிலங்கள் நடத்திய உள்நாட்டுப் போர். குடிகாரர், போப்பின் அடியார், கலகக்காரர், இவர்கள் கட்சியே ஜனநாயகக் கட்சி என்பது பொருள். மூன்றும் ஓரெழுத்தில் தொடங்குகின்றன. மூன்றும் அடுக்காக விழுகின்றன. நம் புலவர்கள் மோனை என்பார்களே, அதேதான்! மோனையின் இனிப்பில் முதியவர் மயங்கினார். அது எவர் நெஞ்சைக் குத்தும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பக்கத்திலே நிற்பவரின் தாயே கத்தோலிக்கர் என்பதும் அவர் நினைவுக்கு வரவில்லை!

பிளெயின் பதில் பேச எழுந்தார். சொல்லைச் சொல்லால் வெட்டத் தெரிந்தவர். பேரவையில் எத்தனையோ பேரை ஒரே வாக்கியத்தில் வீழ்த்தியவர். ‘பெரியவரே, நன்றி, ஆனால் அந்தச் சொல் எனக்கு உடன்பாடன்று’ என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. காதில் சரியாக விழவில்லை என்பாரும் உண்டு. விழுந்தும் கடந்துபோனார் என்பாரும் உண்டு. எப்படியாயினும், மேடையில் சொல்லப்பட்டது மறுக்கப்படாமல் நின்றது.

கூட்டத்தில் ஜனநாயகக் கட்சி அனுப்பிய சுருக்கெழுத்தாளர் ஒருவர் இருந்தார். எழுதியதை எடுத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்கு ஓடினார். தேர்தல் வேலையை நடத்திய செனட்டர் கோர்மனுக்கு அந்த மூன்று சொற்களின் விலை உடனே விளங்கிவிட்டது. அச்சகங்கள் சுழன்றன. ஞாயிற்றுக்கிழமை, தேர்தலுக்கு இரண்டே நாள் முன்பு, கத்தோலிக்கக் கோயில்களின் வாயில்களில் துண்டறிக்கைகள் பறந்தன. தொழுதுவிட்டு வெளியே வந்த ஐரிஷ் தொழிலாளியின் கையில் அந்த மூன்று சொற்கள்! உன்னையும் உன் தாயையும் உன் வழிபாட்டையும் சாராயத்தோடும் கலகத்தோடும் சேர்த்துக் கட்டிவிட்டார்களே என்ற செய்தி! தம் தாயின் சமயத்தைத் தாம் இழிவு செய்வேனா என்று நியூஹேவன் நகரில் பிளெயின் நெஞ்சுருகப் பேசிப் பார்த்தார். மறுப்பு நடந்து வந்தது. வசையோ பறந்து போய்விட்டது!

ஒரே நாளில் ஒரு பிழை போதாதென்று, அதே அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, டெல்மானிக்கோ உணவு மாளிகையில் செல்வர்கள் ஏறத்தாழ இருநூறு பேர் பிளெயினுக்கு விருந்து வைத்தனர். இரயில்பாதை வேந்தர் ஜே கூல்டு இருந்தார். ரசல் சேஜ் இருந்தார். தேர்தல் நிதி பெருகும் என்ற எண்ணம் இருந்தது. நாடு தொழில் மந்தத்தில் இருந்த ஆண்டு அது. வேலையில்லாதவர் வீதியில், வேட்பாளர் விருந்தில்! மறுநாள் காலை ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்டு’ ஏடு முதற்பக்கத்தில் ஒரு கேலிச்சித்திரம் தீட்டியது. பாபிலோன் அரசன் பெல்ஷாசரின் விருந்து போன்ற காட்சி. மேசை முழுதும் பணவேந்தர். முன்னே ஏழைக் குடும்பம் ஒன்று கையேந்தி நிற்கிறது. அந்த ஏட்டைப் புலிட்சர் 1883-இல் யாரிடம் விலைக்கு வாங்கினார் தெரியுமா? அதே ஜே கூல்டிடம்தான்!

காலையில் வழிபாட்டைக் குத்தினர். இரவில் வயிற்றைக் குத்தினர். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் பழமொழி. குடியரசுக் கட்சிக்குச் சின்னமே யானைதான்! அந்த யானையை 1874-இல் வரைந்து பெயர் வாங்கித் தந்த ஓவியர் தாமஸ் நாஸ்டும், 1884-இல் பிளெயினைப் பிடிக்காமல் எதிரணிக்குப் போய்விட்டார்.

ஓட்டு எண்ணப்பட்டது. ஒரு நாள் பிளெயின் முன்னே, ஒரு நாள் கிளீவ்லண்டு முன்னே. செய்தி சுமக்கும் தந்திக் கம்பெனி கூல்டின் பிடியில் இருந்தது. முடிவை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார், திருடப் பார்க்கிறார் என்று கூட்டம் திரண்டு கம்பெனிக் கட்டடத்தின் முன்னே ஆர்ப்பரித்தது. கூல்டு கிளீவ்லண்டுக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பிய பிறகே கொதிப்பு அடங்கியது. அதன் பின்னரும் சில நாள் கழித்தே முறையான கணக்கு வந்தது. அந்தச் சிறு கொட்டகைக் கூட்டத்தின் அளவு வேறுபாட்டில் கிளீவ்லண்டு வென்றார். 1856-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு வாய்த்த முதல் குடியரசுத் தலைவர்!

சரி, பர்ச்சார்டின் மூன்று சொற்கள்தாமா பிளெயினை வீழ்த்தின? அப்படியே சொல்லிவிட்டால் பேச்சு சுவையாக இருக்கும். உண்மை முழுதாக இராது. மதுவிலக்குக் கட்சியின் செயின்ட் ஜான், கான்சாஸ் மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் ஆளுநராய் இருந்தவர், நியூயார்க்கில் ஏறத்தாழ 25,000 ஓட்டுகளைப் பெற்றார். அவற்றுள் பெரும்பகுதி பிளெயின் வீட்டுக் கூரையிலிருந்து உருவப்பட்ட ஓலை. எதிரியைச் சாராயக் கட்சி என்று பாதிரியார் ஏசினார். சாராயத்தை உண்மையாகவே வெறுத்தவர்களோ தம் வீட்டைவிட்டே வெளியேறிக்கொண்டிருந்தார்கள்! கிரீன்பேக் கட்சியின் பட்லர் ஏறத்தாழ 17,000 ஓட்டுகளை எடுத்தார். ராஸ்கோ கான்கிளிங் என்பார் நியூயார்க்கின் பெருந்தலைவர், பிளெயினின் சொந்தக் கட்சிக்காரர். 1866-இல் பிளெயின் மக்கள் சபையில் அவருடைய நடையை வான்கோழி நடை என்று பழித்திருந்தார். பதினெட்டு ஆண்டு கழித்து உதவி கேட்டபோது, குற்றவாளிகளுக்காக வாதாடுவதில்லை என்று கான்கிளிங் விடை சொன்னதாகக் கதை. அவருடைய சொந்த ஒனைடா மாவட்டமே கிளீவ்லண்டின் பக்கம் சாய்ந்தது. தேர்தல் நாளன்று மழையும் பெய்தது.

பிளெயின் பின்னாளில் எழுதிய கடிதமொன்றில் பாதிரியையும் மழையையும் கசப்போடு குறை கூறினார். தம் மௌனத்தை அந்த வரிசையில் சேர்த்தார் இல்லை!

ஆயிரம் ஓட்டில் போன தேர்தலில் காரணம் ஒன்றல்ல, எல்லாமே காரணம். வான்கோழி என்ற பழிப்பும் காரணம், விருந்தும் காரணம், மோனையும் காரணம், மௌனமும் காரணம், மழைக்கு அஞ்சி வீட்டில் முடங்கியவரும் காரணம். இருபதாயிரத்தில் வெல்லும்போது மறைந்துகிடக்கும் பாவங்களெல்லாம், ஆயிரத்தில் தோற்கும்போது ஒவ்வொன்றாக எழுந்துநின்று ‘நானே கொன்றேன்’ என்கின்றன!

இவை அனைத்தினும் பெரிய இழப்பொன்று உண்டு. ‘ரெபெல்லியன்’ என்று அந்தப் பாதிரியார் ஏசினாரே, அந்தச் சொல்லுக்கு உள்ளே ஒரு நியாயம் புதைந்து கிடந்தது. தென் மாநிலங்களில், அடிமைத்தளை அறுந்த கறுப்பு மக்களுக்குச் சட்டம் தந்த ஓட்டுரிமை, மிரட்டலாலும் வன்முறையாலும் மோசடியாலும் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தெற்கு முழுவதும் கிளீவ்லண்டுக்குப் போனதற்கு அது பெருங்காரணம். அதைக் கேட்கவேண்டாமா? மேடைதோறும் முழங்கவேண்டாமா? அந்த ஏழை ஐரிஷ் தொழிலாளியிடமே போய், ‘உன்னைப்போல் இழிவு சுமந்த இன்னொருவனின் உரிமை திருடு போகிறது, வா துணைக்கு’ என்று அழைத்திருக்கலாமே! மாறாக, நியாயத்தை வசையோடு சேர்த்துக் கட்டினார்கள், வசை வெடித்தது, நியாயமும் கூடவே சிதறியது. அந்த மக்கள் தெற்கில் தம் ஓட்டுரிமையை மெய்யாகவே அடைய, 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதை ஏன் நான் பேசுகிறேன்? நானும் மேடைக்காரன், நாடகம் எழுதுபவன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு மேடையே கல்லூரி, கைதட்டலே பட்டம். அடுக்குமொழி எழும்போது நெஞ்சில் ஏறும் போதையை நான் அறிவேன். ஓரிரவு, ஒரு சிற்றூர்க் கூட்டத்தில், எதிரணிக்காரர் ஒருவரின் தகப்பனார் உப்பு விற்றவர் என்பதை வைத்து மூன்று சொற்களை அடுக்கினேன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கூட்டம் முடிந்ததும், மேடைக்கு விளக்கேந்தி நின்ற நம் தோழர் ஒருவர் அருகில் வந்தார். “பேச்சு பிரமாதம், அண்ணே! எங்க அப்பாவும் உப்பு வித்தவருதான்” என்றார். சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்றிரவு உறங்கவில்லை.

அவர் ஓட்டு எங்கும் போயிராது, நல்ல தோழர். ஆனால் கூட்டத்தின் பின்வரிசையில் சிரிக்காமல் எழுந்துபோனவர் எத்தனை பேர்? அவர்களை நான் எண்ணவில்லை. மேடையில் இருப்பவன் கைதட்டுகிறவரை எண்ணுகிறான். தேர்தல் நாளோ கைதட்டாதவரை எண்ணுகிறது!

கிளீவ்லண்டு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1888-இல் மீண்டும் நின்றார். நாடு முழுதும் மிகுதியான ஓட்டுப் பெற்றும், அதே நியூயார்க்கை இழந்து பதவியை இழந்தார். 1892-இல் மறுபடி நின்று வென்றார். நியூயார்க் யாருக்கும் அடிமைச்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை!

தோழரே, இதைப் படிக்கும் நீங்கள் மேடை ஏறுபவராக இருக்கலாம். மேடைக்குக் கீழே அமர்பவராக இருக்கலாம். ஏறுபவரானால், இனிக்கும் சொல் நாவுக்கு வரும்போது, அது யாருடைய தாயைத் தொடும் என்று ஒரு கணம் எண்ணுங்கள். தலைமை தாங்குபவரானால், பக்கத்தில் நிற்பவர் தவறு பேசினால் அங்கேயே, அப்போதே மறுத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து விடும் கண்ணீர் ஓட்டாகாது. கீழே அமர்பவரானால், ‘என் ஓர் ஓட்டில் என்ன ஆகிவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். 1884-இல், மழை பெய்த அந்த நாளில், நியூயார்க்கில் அப்படிச் சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். ஒரு பெருநாட்டின் தலைமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் நனைந்துகொண்டு நின்றது. அவர்கள் கதவைத் திறக்கவில்லை!